டயாலிசிஸ் இல்லாத 156 மணி நேரம்: சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தவர்களின் வீட்டார் கேட்கும் கேள்விகள்

வாரத்துக்கு மூன்று தடவை, தடவைக்கு நான்கு மணி நேரம். ஒன்றுகூட விடாமல் வந்தாலும் மொத்தம் 12 மணி நேரம்தான். வாரத்தில் 168 மணி நேரம் இருக்கிறது. மிச்சமுள்ள 156 மணி நேரமும் நோயாளி உங்கள் வீட்டில், உங்கள் பார்வையில் இருக்கிறார். டயாலிசிஸ் பிரிவில் செவிலியராக வேலை பார்க்கிறேன். மூச்சு முட்டி ஆம்புலன்ஸில் வந்து இறங்குகிற ஒவ்வொருவரையும் பார்க்கும்போது, இது முந்தாநாளே வீட்டில் தெரிந்திருக்குமே என்றுதான் மனது அடித்துக்கொள்ளும். அதனால்தான் வராந்தாவில் காத்திருக்கும் வீட்டார் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளைச் சேர்த்து எழுதுகிறேன். ஒன்று மட்டும்: மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் சிறுநீரக மருத்துவரின் வேலை. இதைப் படித்துவிட்டு நீங்களாக அதைச் செய்யாதீர்கள்.

‘கடைசி ஸ்டேஜ்’ என்று டாக்டர் சொன்னார். எல்லாம் முடிந்துவிட்டதா?

இல்லை. சிறுநீரகம் இனி தனியாக உடம்பைத் தாங்காது என்பதுதான் அதற்குப் பொருள். சிறுநீரகம் நிமிடத்துக்கு எவ்வளவு வடிகட்டுகிறது என்பதை ரிப்போர்ட்டில் ஜி.எஃப்.ஆர். என்று போட்டிருப்பார்கள். அது 15 மில்லிக்குக் கீழே இறங்கினால் ஐந்தாம் நிலை. டயாலிசிஸிலேயே பத்து வருடம், அதற்கு மேலும் இருப்பவர்கள் உண்டு. எங்களிடம் வரும் ஒருவர் காலை ஷிஃப்டில் படுத்து எழுந்து, கையில் பிளாஸ்திரியோடு மதியம் தன் மளிகைக் கடையைத் திறக்கப் போய்விடுவார்.

ஒரு விஷயத்தை முதலிலேயே புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். சிறுநீரகம் வெறும் வடிகட்டி அல்ல. தண்ணீர், உப்பு, பொட்டாசியம், அமிலம் இவற்றைச் சமன் செய்கிறது. அதோடு ரத்தம் ஊற ஒரு ஹார்மோன் சுரக்கிறது, வைட்டமின் டி-யை வேலை செய்ய வைக்கிறது, இன்சுலினைக் கரைக்கிறது. மெஷின் முதல் பாதியை ஓரளவு செய்யும். இரண்டாம் பாதியை அதனால் செய்ய முடியாது. அதனால்தான் டயாலிசிஸ் செய்தும் ரத்த சோகை, எலும்பு வலி, அரிப்பு என்று வருகிறது, அதற்கெல்லாம் தனியாக மருந்து வேண்டியிருக்கிறது.

கிரியேட்டினின் 8 வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரருக்கு 6-லேயே டயாலிசிஸ் ஆரம்பித்தார்களே, நாங்கள் தாமதிக்கிறோமா?

கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு. ஆனால் அந்த ஒற்றை எண்ணை வைத்து டயாலிசிஸ் ஆரம்பிப்பதில்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்து 2010இல் வெளியான ஆய்வு ஒன்று இதைத்தான் சோதித்தது. சீக்கிரமே ஆரம்பித்தவர்கள், அறிகுறி வரும்வரை மருத்துவர் கண்காணிப்பில் காத்திருந்தவர்களைவிடக் கூடுதல் காலம் வாழவில்லை. மருந்துக்கு அடங்காத நீர்க்கோர்வை, குறையாத பொட்டாசியம், ஓயாத வாந்தி, சாப்பாடு இறங்காமல் உடம்பு வற்றுவது, குழப்பம், இதயத்தைச் சுற்றியுள்ள உறையில் அழற்சி இவையெல்லாம்தான் ஆரம்பிக்கும் வேளையைச் சொல்பவை. ஆனால் காத்திருக்கும் அந்தக் காலத்தைச் சும்மா கழிக்கக் கூடாது. ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கை ரத்தக்குழாய்களை இணைக்கும் அறுவை, செய்ய வேண்டியது அப்போதுதான்.

டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு கிரியேட்டினின் 4-க்கு வந்துவிட்டது. நிறுத்திவிடலாமா?

தயவுசெய்து நிறுத்தாதீர்கள். மெஷின் கழுவியதால் குறைந்த எண் அது. இரண்டு நாள் விட்டால் மறுபடி ஏறும். இன்னொன்றும் உண்டு. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. சரியாகச் சாப்பிடாமல் தசை கரைந்து போனாலும் எண் குறையும், வீட்டில் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள், நாங்கள் கவலைப்படுவோம். டயாலிசிஸ் போதுமான அளவு நடக்கிறதா என்பதை யூரியா எத்தனை சதவீதம் இறங்கியது என்று பார்த்துச் சொல்வோம். ஒரு தடவைக்கு 65 சதவீதமாவது இறங்க வேண்டும்.

திடீர்ப் பாதிப்பால் சிறுநீரகம் நின்று போனவர்களில் சிலருக்கு அது மீள்வது உண்டுதான். பாம்புக்கடி, எலிக்காய்ச்சல் போன்றவற்றில் பார்த்திருக்கிறோம். அது வேறு நோய், இங்கே பேசுவது பல வருடமாகச் சுருங்கிப் போன சிறுநீரகத்தைப் பற்றி.

எதைக் கண்டால் அடுத்த டயாலிசிஸ் நாளுக்குக் காத்திருக்கக் கூடாது?

இரவில் படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்காருகிறார், தலையணை ஒன்று இரண்டாகி மூன்றாகிவிட்டது: நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது. கால் திடீரென்று பலமிழந்து கனக்கிறது, நெஞ்சு விட்டு விட்டுத் துடிக்கிறது: பொட்டாசியம். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல்: ரத்தத்தில் கிருமி இருக்கலாம். நெஞ்சுவலி, புதிதாக வந்த குழப்பம், வலிப்பு, ஃபிஸ்டுலாவில் துடிப்பு இல்லாமல் போவது, அழுத்தியும் நிற்காத ரத்தம். இதில் எது வந்தாலும் நேரம் காலம் பார்க்காதீர்கள். நள்ளிரவில் வந்து ‘தொந்தரவு பண்ணிட்டோமா சிஸ்டர்’ என்று கேட்கிறவர்களைக் கட்டிக்கொள்ளலாம் போலிருக்கும். காலை வரை பொறுத்துப் பார்த்தோம் என்பவர்களிடம்தான் பேச நா எழாது.

திங்கள், புதன், வெள்ளி வருகிறவர்களுக்கு வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் உள்ள நீண்ட இடைவெளி தனி ஆபத்து. அதன் முடிவில்தான் மரணமும் இதயப் பிரச்சினையும் கூடுதலாக நேர்கின்றன என்று அமெரிக்காவில் டயாலிசிஸ் நோயாளிகளின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு 2011இல் காட்டியது. நம் ஊரில் விருந்தும் கறிச்சோறும் ஞாயிற்றுக்கிழமையில் வந்து விழுவதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம்?

முந்தைய நாள் எவ்வளவு சிறுநீர் போனதோ அந்த அளவு, அதற்கு மேல் அரை லிட்டர். சிறுநீரே போகாதவருக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டருக்குள் சமாளிக்க வேண்டும். காபி, டீ, மோர், ரசம், கஞ்சி, பாயசம், தர்பூசணி எல்லாம் இந்தக் கணக்கில் வரும். ‘அப்பா தண்ணியே குடிக்கலை, வெறும் கஞ்சிதான்’ என்று சொல்வார்கள். எடை மெஷினில் நிறுத்தினால் மூன்றரை கிலோ கூடியிருக்கும்.

தண்ணீரைக் கட்டுப்படுத்துவதற்கு முன்னால் உப்பைப் பிடியுங்கள். உடம்பில் எட்டு கிராம் உப்பு தங்கினால் அதைச் சமன் செய்ய ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் தேவைப்படும். அந்தத் தாகத்தை யாராலும் மனவுறுதியால் வெல்ல முடியாது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, வற்றல், மிக்சர் இவை வீட்டில் இருக்கும்வரை ‘தண்ணி குடிக்காதே’ என்று அவரைத் திட்டுவது நியாயமே இல்லை. எல்லாம் சேர்த்து நாளைக்கு ஒரு தேக்கரண்டி உப்புக்குள், அதாவது ஐந்து கிராமுக்குள் இருக்க வேண்டும். பெரிய சொம்பை எடுத்து வைத்துவிட்டுச் சின்ன டம்ளர் கொடுங்கள். காலையில் அரை லிட்டர் பாட்டிலில் அன்றைய தண்ணீரை நிரப்பி வைத்து, மாத்திரைக்குக்கூட அதிலிருந்தே குடிப்பது எங்கள் நோயாளிகள் பலருக்குக் கைகொடுத்த வழி. நாக்கு வறண்டால் வாய் கொப்பளித்துத் துப்பலாம், ஒரு ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொள்ளலாம்.

டயாலிசிஸ் நடக்கும்போதே பிரஷர் இறங்கிவிடுகிறது, காலில் குரக்கு இழுக்கிறது. ஏன்?

பெரும்பாலும் குறைந்த நேரத்தில் அதிகத் தண்ணீர் எடுப்பதால். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு மணிக்கு 13 மில்லிக்கு மேல் எடுக்க வேண்டாம் என்பது பொதுவான வரம்பு. 60 கிலோ ஆள் என்றால் நான்கு மணி நேரத்தில் சுமார் மூன்று லிட்டர். ஐந்து கிலோ ஏறி வந்தால் இதயம் அடி வாங்காமல் அத்தனையையும் எடுக்க முடியாது. அப்புறம், பிரஷர் மாத்திரையை டயாலிசிஸ் அன்று காலையில் போடலாமா, முடித்த பிறகா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கட்டிலில் படுத்துக்கொண்டே வயிறு முட்டச் சாப்பிட்டாலும் ரத்தம் குடலுக்குப் போய் பிரஷர் இறங்கும். கொட்டாவி, வியர்வை, கண் இருட்டுவது வந்தால் வெட்கப்படாமல் உடனே எங்களைக் கூப்பிடுங்கள்.

உலர் எடை என்று நாங்கள் சொல்வது, கூடுதல் நீர் இல்லாத சரியான எடை. நன்றாகச் சாப்பிட்டுச் சதை போட்டவருக்கு அது கூடும், இளைத்தவருக்குக் குறையும். ஆறு மாதம் முன்பு குறித்த எண்ணையே பிடித்துக்கொண்டிருந்தால் ஒன்று பிரஷர் இறங்கும், அல்லது நீர் தங்கும்.

பொட்டாசியம், பொட்டாசியம் என்று பயமுறுத்துகிறார்களே, உண்மையில் அவ்வளவு ஆபத்தா?

ஆமாம். இதயத்தின் மின்னோட்டத்தைக் கலைப்பது அது. 5-க்குள் இருக்க வேண்டியது 6-ஐத் தாண்டினால் கவலை, 6.5-க்கு மேல் எந்த நேரமும் எதுவும் நடக்கலாம். வலிக்காது, காய்ச்சல் வராது. அதனால்தான் ஏமாந்துவிடுகிறோம்.

ஒரு சித்திரை வெயிலில் ஐம்பது வயதுக்காரர் ஒருவரை இருவர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். காலை மடக்க முடியவில்லை, பக்கவாதமோ என்று பயந்து வந்திருக்கிறார்கள். மனைவி கையில் பை, பையில் இன்னும் ஒரு இளநீர். உடம்பு சூடாக இருக்கிறதே என்று அன்று காலையிலிருந்து மூன்று கொடுத்திருக்கிறார். பொட்டாசியம் 7.8. இதயத்தைக் காக்க முதலில் கால்சியம் குளுக்கோனேட் ஊசி, பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ள இன்சுலினும் குளுக்கோஸும், மூச்சுக்குழாய்க்குக் கொடுக்கிற சால்பியூட்டமால் புகை, அதற்குள் மெஷின் தயார். மூன்று மணி நேரம் கழித்து அவர் கால் கட்டைவிரலை அசைத்துக் காட்டினார். அந்த அம்மா சுவரில் சாய்ந்து அழுததை நான் மறக்கவில்லை. அன்பாகக் கொடுத்ததுதான், அவரிடம் யாரும் முன்பே சொல்லவில்லை.

கணக்கு இதுதான். நாள் முழுவதற்கும் சுமார் 2,000 மில்லிகிராம் பொட்டாசியம் போதும் என்று வைத்திருப்பவருக்கு ஒரே ஒரு இளநீரில் 600, 700 போய்விடும். வாழைப்பழம், சாத்துக்குடி ஜூஸ், கீரை, உருளை, சேனை, மரவள்ளி, உலர் பழங்கள் இவையும் அதே வகை. ஆப்பிள், கொய்யா, பப்பாளி இவற்றில் சின்னத் துண்டு சாப்பிடலாமா என்பதை ரத்த அறிக்கை பார்த்து உணவியலாளர் சொல்வார். காயைத் தோல் சீவி, சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளித்தால் பொட்டாசியம் ஒரு பகுதி போய்விடும். குக்கரில் வைத்துத் தண்ணீரோடு மசித்தால் பலன் இல்லை. மலச்சிக்கலையும் கவனியுங்கள். சிறுநீரகம் வேலை செய்யாதபோது பொட்டாசியம் வெளியேற மலம்தான் மிச்சமிருக்கும் வழி.

நட்சத்திரப் பழத்தைத் தொடவே கூடாது. அதிலுள்ள நச்சு சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். தங்கிவிட்டால் நிற்காத விக்கலில் தொடங்கி, குழப்பம், வலிப்பு, உயிருக்கே ஆபத்து வரை கொண்டுபோகும்.

உப்புக்குப் பதிலாக இந்துப்பு போடலாமா?

இந்துப்பிலும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான், சாதாரண உப்பின் அளவுக்கட்டுப்பாடு அதற்கும் பொருந்தும். கடையில் ‘சோடியம் குறைந்தது’ என்று பாக்கெட்டில் விற்கிற உப்பு இன்னும் மோசம். சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு கலந்திருப்பார்கள். பிரஷர்காரர்களுக்கு நல்லது என்று மகன் வாங்கி வந்து, அதை டயாலிசிஸில் இருக்கும் அப்பாவுக்கும் சேர்த்துப் போடுகிற வீடுகள் உண்டு. புளி, எலுமிச்சைத் துளி, மிளகு, சீரகம், பூண்டு வைத்துச் சுவை கூட்டுங்கள்.

மூக்கிரட்டைக் கீரை, வாழைத்தண்டுச் சாறு கொடுத்தால் சிறுநீரகம் திரும்ப வேலை செய்யும் என்கிறார்களே?

இதைக் கேட்கிறவர்கள் மீது எனக்குக் கோபமே வந்ததில்லை. நம்பிக்கை தேடி அலைகிறவர்கள் கேட்பது இது. ஆனால் பதில் சொல்லியாக வேண்டும். சுருங்கித் தழும்பாகிப் போன சிறுநீரகத்தைத் திரும்பக் கொண்டுவரும் மருந்து எந்த வைத்தியத்திலும் இதுவரை இல்லை. மூக்கிரட்டையில் பொட்டாசியம் நைட்ரேட் நிறைய. வாழைத்தண்டுச் சாறும் பொட்டாசியம் மிகுந்தது. கல்லடைப்புக்குக் குடித்து நல்லதானவர் சொன்னதை டயாலிசிஸ் நோயாளிக்குப் பொருத்தக் கூடாது. எதில் என்ன இருக்கிறது என்று தெரியாத பொடிகளில் பாதரசம், ஈயம் போன்ற உலோகங்களும் இருக்கக்கூடும். ‘டயாலிசிஸை நிறுத்தினால்தான் மருந்து வேலை செய்யும்’ என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

ஃபிஸ்டுலாவை வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

கையில் தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்தால் சிரை தடித்து, ஊசி போடத் தாங்கும் குழாயாக மாறும். நியூயார்க்கில் பிரெஷியா, சிமினோ குழுவினர் 1966இல் வெளியிட்ட முறை இது. இன்றுவரை இதைவிட நல்ல வழி வரவில்லை. தயாராக ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை ஆகும். அதனால்தான் முன்கூட்டியே போடச் சொல்கிறோம். அந்தக் காலத்தில் மென்மையான பந்தை அழுத்தி அழுத்தி விடும் பயிற்சி செய்யலாம்.

காலையில் எழுந்ததும் பல் தேய்ப்பதற்கு முன்னால் அந்த இடத்தில் விரல் வைத்துப் பாருங்கள். சின்ன வயதில் பொன்வண்டைத் தீப்பெட்டிக்குள் அடைத்துக் கையில் வைத்திருப்போமே, அதே குறுகுறுப்பு இருக்க வேண்டும். காதில் வைத்தால் ‘உஸ்… உஸ்…’ என்று கேட்கும். அது இல்லாமல் போனால் ரத்தம் உறைந்திருக்கிறது. அன்றைக்கே வந்தால் பல நேரம் காப்பாற்றலாம். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அந்தக் கை போய்விடும், அப்புறம் கழுத்துச் சிரைக்குள் விடும் குழாய் (லைன்), மறுபடி அறுவை.

அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது, டிரிப் ஏற்றக் கூடாது. இறுக்கமான வளையல், வாட்ச் வேண்டாம், தலைக்கு அண்டை கொடுத்துத் தூங்க வேண்டாம், தண்ணீர்க் குடம் தூக்க வேண்டாம். எங்கள் நோயாளி ஒருவருக்கு வேறோர் இடத்தில் ஸ்கேனுக்கு முன் அந்தக் கையிலேயே ஊசி குத்திவிட்டார்கள், கை வீங்கி மூன்று வாரம் பயன்படுத்த முடியவில்லை. மயக்கத்தில் இருந்தாலும் மற்றவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக, பேனாவால் ‘இந்தக் கை வேண்டாம்’ என்று எழுதி வைப்பதுகூடத் தப்பில்லை.

வீட்டில் ஊசி போட்ட இடத்தில் ரத்தம் கசிந்தால் துண்டைச் சுருட்டி மூட்டை கட்டாதீர்கள், உள்ளே எவ்வளவு போகிறது என்றே தெரியாது. சுத்தமான துணியை மடித்து இரண்டு விரலால் அந்தப் புள்ளியில் அழுத்தி, கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வாருங்கள்.

கழுத்து லைன் உள்ளவருக்கு டயாலிசிஸ் ஆரம்பித்த அரை மணி நேரத்தில் குளிர் தூக்கிப் போடுகிறது. மெஷின் சேரவில்லையா?

மெஷினைச் சந்தேகிப்பதற்கு முன்னால் லைனைச் சந்தேகிக்க வேண்டும். குழாய்க்குள் ஒட்டியிருக்கும் கிருமி, ரத்தம் ஓடத் தொடங்கியதும் உடம்புக்குள் கலக்கிறது. எந்தக் கிருமி என்று பார்க்க ரத்தத்தைக் கல்ச்சருக்கு எடுத்துவிட்டு ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும், பல நேரம் லைனையே எடுக்க வேண்டிவரும். அலட்சியம் செய்தால் கிருமி இதய வால்விலும் முதுகெலும்பிலும் போய் உட்காரும். கட்டு நனைந்தாலோ பிரிந்தாலோ வீட்டில் நீங்களே மாற்ற வேண்டாம். லைன் உள்ளவரைக்கும் தலைக்குக் குளிப்பதைத் தவிர்த்து, உடம்பைத் துடைத்துவிடுங்கள்.

ஹீமோகுளோபின் 7. ரத்தம் ஏற்றினால் சீக்கிரம் சரியாகுமே?

ரத்தம் ஊறச் சொல்லும் எரித்ரோபாய்ட்டின் ஹார்மோன் சிறுநீரகத்தில் சுரப்பது. 1989இல் அதன் ஊசிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைக்கும்வரை டயாலிசிஸ் நோயாளிகள் மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொண்டுதான் வாழ்ந்தார்கள். இப்போது அவசியம் இல்லாமல் ஏற்ற வேண்டாம். பிறருடைய ரத்தம் ஏறினால் உடம்பில் எதிர்ப்பொருள்கள் உண்டாகும், பிற்பாடு மாற்றுச் சிறுநீரகம் பொருந்துவது கடினமாகும். ஊசி வேலை செய்ய இரும்புச்சத்து இருக்க வேண்டும், அதற்கு டிரிப்பில் இரும்பு ஊசி தருவோம். ஹீமோகுளோபின் 10-லிருந்து 11.5 வரை போதும். 13-க்கு மேல் கொண்டுபோக முயன்ற ஆய்வுகளில் பக்கவாதமும் இதயச் சிக்கல்களும் கூடின. ஊசி மருந்தை வாங்கி வரும்போது ஐஸ் பையோடு கொண்டு வாருங்கள், வீட்டில் ஃபிரிட்ஜின் நடுத் தட்டில் வையுங்கள். ஃபிரீசரில் உறைந்தால் வீண்.

இரவெல்லாம் அரிப்பு. சோப்பு மாற்றியும் போகவில்லை.

சோப்பில் இல்லை காரணம். டயாலிசிஸ் போதாமல் இருக்கலாம், தோல் வறண்டிருக்கலாம், பாஸ்பரஸ் கூடியிருக்கலாம். பாஸ்பரஸ் கூடினால் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி அதிகமாக வேலை செய்து எலும்பிலிருந்து கால்சியத்தை உறிஞ்சும், எலும்பு மெலியும், ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படியும். பாஸ்பரஸைப் பிடிக்கும் மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்தே போட வேண்டும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால் அது பிடிக்க அங்கே எதுவும் இருக்காது. சாப்பாட்டைத் தவிர்த்த வேளைக்கு அந்த மாத்திரையும் வேண்டாம். கோலா பானங்கள், பாக்கெட் இறைச்சி, பதப்படுத்திய சீஸ் இவற்றில் சேர்த்திருக்கும் பாஸ்பேட் ஏறக்குறைய முழுதாக உடம்பில் சேரும். குளித்த ஈரத்தோடு தேங்காய் எண்ணெய் தடவுவது பலருக்கு இதம் தருகிறது. அடங்காவிட்டால் மிகக் குறைந்த அளவில் காபாபென்டின் தருவார்கள்.

சர்க்கரை தானாகவே குறைந்துவிட்டது. குணமாகிவிட்டதா?

கவனமாக இருங்கள், இது நல்ல செய்தி இல்லை. இன்சுலினைக் கரைப்பதில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அது நின்றதும் போட்ட இன்சுலின் நெடுநேரம் உடம்பில் தங்கும். பழைய அளவிலேயே போட்டால் விடியற்காலையில் சர்க்கரை இறங்கி நினைவு தப்பும். கிளைபென்கிளமைட், மெட்ஃபார்மின் மாத்திரைகள் இந்த நிலையில் கூடாது. மூன்று மாதச் சராசரி காட்டும் ரத்தப் பரிசோதனையும் ரத்த சோகை உள்ளவரிடம் குறைத்துக் காட்டும், அதனால் வீட்டு மீட்டரில் பார்ப்பதே நம்பகமானது.

மூட்டுவலிக்குக் கடையில் மாத்திரை வாங்கலாமா?

டைக்ளோஃபெனாக், ஐபுபுரொஃபென் வேண்டாம். இன்னும் ஒரு டம்ளர் சிறுநீராவது போகிறதென்றால் அது பெரிய சொத்து, அதை இந்த மாத்திரைகள் வற்றடிக்கும், வயிற்றில் ரத்தக்கசிவும் வரும். பாராசிட்டமால் அளவோடு போடலாம். தசைப்பிடிப்புக்குத் தரும் பேக்லோஃபென் ஒன்றிரண்டு மாத்திரையிலேயே டயாலிசிஸ் நோயாளியை நினைவிழக்கச் செய்யும். எந்த மருத்துவரிடம் போனாலும், பல் மருத்துவர் உட்பட, முதல் வாக்கியமே ‘எனக்கு டயாலிசிஸ் நடக்கிறது’ என்பதாக இருக்கட்டும்.

முட்டை, மீன் எல்லாம் நிறுத்தச் சொன்னார்களே?

டயாலிசிஸ் தொடங்கும் முன்னால் சொன்னது அது. தொடங்கிய பிறகு கணக்கு தலைகீழ். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் புரதம் வெளியேறுகிறது. உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தினமும் வேண்டும். முட்டை வெள்ளைக்கரு சிறந்தது, மீன், கோழி அளவோடு. சைவம் என்றால் பருப்பு, பனீர் எவ்வளவு என்பதைப் பொட்டாசியம், பாஸ்பரஸ் பார்த்து வகுக்க வேண்டும். பழைய பத்தியத்தையே பயந்து பிடித்துக்கொண்டு எலும்பும் தோலுமாக வருகிறவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

பணம் கட்ட முடியவில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை போதாதா?

சிறுநீர் நன்றாகப் போகிறவர்கள் சிலருக்கு, மருத்துவர் கணக்குப் பார்த்து, சில காலம் போதும். சிறுநீர் வற்றியவருக்குப் போதாது. பணம்தான் தடை என்றால் குறைப்பதற்கு முன்னால் மாவட்ட அரசு மருத்துவமனைக்குப் போய்க் கேளுங்கள். 2016இல் தொடங்கிய தேசிய டயாலிசிஸ் திட்டத்தில் வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் டயாலிசிஸ், மாற்று அறுவை இரண்டுக்கும் இடமுண்டு.

வயிறு வழியாகச் செய்கிற டயாலிசிஸ் நல்லதா?

நல்ல முறை, நம் ஊரில் பயன்படுத்த வேண்டிய அளவு பயன்படுத்தவில்லை என்பது என் எண்ணம். வயிற்றில் ஒரு குழாய். இரண்டு லிட்டர் திரவத்தை உள்ளே விட்டு, நான்கைந்து மணி நேரம் கழித்து வடித்துவிட்டுப் புதிது விட வேண்டும், நாளைக்கு மூன்று நான்கு தடவை. தினமும் நடப்பதால் நீரும் பொட்டாசியமும் திடீரென ஏறி இறங்காது. மருத்துவமனை ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கிராமத்துக்காரருக்குப் பேருந்து அலைச்சல் மிச்சம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இந்தத் திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டு வந்து தருவதும் உண்டு. கையைச் சோப்பு போட்டுக் கழுவுவதில் சோம்பல் கூடாது. வடித்த திரவம் கழுநீர் போலக் கலங்கி, வயிறு வலித்தால் உள்ளே கிருமி. அந்தக் கலங்கிய பையையே கையோடு எடுத்து வாருங்கள், பரிசோதனைக்கு வேண்டும்.

மஞ்சள் காமாலை ஊசி, டிபி பரிசோதனை எல்லாம் எதற்கு?

நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பு, ரத்தம் வெளியே வந்து போகிற சிகிச்சை. மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமிக்கான தடுப்பூசி டயாலிசிஸ் நோயாளிக்கு இரட்டை அளவில், 0, 1, 2, 6 என்ற மாதக் கணக்கில் போடப்படும். போட்ட பிறகு எதிர்ப்பொருள் வந்ததா என்று பார்க்க வேண்டும். ஹெபடைடிஸ் சி வந்துவிட்டாலும் இப்போது மாத்திரையிலேயே குணமாக்கலாம். காரணம் தெரியாத காய்ச்சல், கழுத்தில் கட்டி, எடை குறைவது என்றால் டிபியைத் தேடுங்கள். இவர்களுக்கு அது நுரையீரலுக்கு வெளியேதான் பல நேரம் ஒளிந்திருக்கும், இருமல் இருக்க வேண்டும் என்பதில்லை.

மாற்றுச் சிறுநீரகம் வைத்தால் எல்லாம் தீர்ந்துவிடுமா?

உடம்பு தாங்குகிறவருக்கு அதைவிட நல்ல சிகிச்சை இல்லை. இந்தியாவில் வெற்றிகரமான முதல் சிறுநீரக மாற்று அறுவை 1971இல் வேலூர் சி.எம்.சி.யில் நடந்தது. பழைய சிறுநீரகங்களை வழக்கமாக எடுப்பதில்லை, புதியதை அடிவயிற்றில் ஒரு பக்கமாக வைத்து இணைப்பார்கள். பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், கணவன் மனைவி, தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் சட்டப்படி நெருங்கிய உறவு. ரத்த வகை சேராத இரண்டு குடும்பங்கள் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளவும் 2011 சட்டத்திருத்தம் வழி செய்தது. விலைக்கு வாங்குவது குற்றம், கொடுக்கும் ஏழையின் வாழ்க்கையையும் அது சீரழிக்கும்.

தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து உறுப்பு பெறும் திட்டம் 2008இல் வேர்விட்டது. அந்த ஆண்டு திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதி விபத்தில் இழந்த மகனின் உறுப்புகளைக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ வீடுகளில் அந்தப் பேச்சு நடந்தது. பட்டியலில் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருங்கள், தொலைபேசி எண் மாறினால் தெரிவியுங்கள்.

வைத்த பிறகு, அந்தச் சிறுநீரகம் வேலை செய்யும்வரை மாத்திரை. உடம்பு அதை அந்நியமாக நினைத்து நிராகரிக்காமல் இருக்க டாக்ரோலிமஸ் போன்றவை நேரம் தவறாமல் வேண்டும். நன்றாகத்தானே இருக்கிறோம் என்று இரண்டாம் வருடம் மாத்திரையை விட்டவர்கள் திரும்ப எங்கள் கட்டிலுக்கே வந்திருக்கிறார்கள். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மருந்து என்பதால் கிருமித்தொற்று, புதிதாகச் சர்க்கரை நோய் வரக்கூடும்.

அம்மாவுக்கு 82 வயது, இதயமும் பலவீனம், மறதி நோயும் உண்டு. டயாலிசிஸ் வேண்டாம் என்றால் நாங்கள் பாவிகளா?

இல்லை. இந்த வயதில், இத்தனை நோயோடு, டயாலிசிஸ் சில நேரம் ஆயுளைக் கூட்டுவதில்லை, மருத்துவமனை நாட்களை மட்டும் கூட்டுகிறது. டயாலிசிஸ் இல்லாமல் செய்யும் சிகிச்சையும் சிகிச்சைதான். மூச்சு முட்டலுக்கு, வாந்திக்கு, அரிப்புக்கு, வலிக்கு மருந்து உண்டு. தெரியவில்லை என்றால் ஒரு மாதம் செய்து பார்த்து, அவருக்கு நிம்மதி தருகிறதா என்று கவனித்து முடிவெடுக்கலாம் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவைக்கலாம். முக்கியமாக, நினைவு தெளிவாக இருக்கும் வேளையில் அம்மாவிடமே கேளுங்கள். ஒரு பாட்டி என் கையைப் பிடித்து, ‘ஊசி போதும்மா, வீட்டுத் திண்ணையில உட்காரணும்’ என்றார். மகன்கள் இருவரும் பேசி முடிவெடுத்து அழைத்துப் போனார்கள். ஏழு வாரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தாராம்.

வெளியூரில் பேத்தி கல்யாணம். போகலாமா?

போங்கள், கட்டாயம் போங்கள். இரண்டு வாரம் முன்னால் அந்த ஊரில் ஒரு டயாலிசிஸ் மையத்தில் இடம் சொல்லி வையுங்கள். ஹெபடைடிஸ், எச்.ஐ.வி. ரிப்போர்ட் இல்லாமல் எங்கேயும் எடுக்க மாட்டார்கள். உலர் எடை, எந்தக் கை ஃபிஸ்டுலா, மெஷினில் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஹெப்பாரின் மருந்தின் அளவு, ஒவ்வாமை, மாத்திரைப் பட்டியல் எல்லாம் ஒரே தாளில் எங்களிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் டயாலிசிஸ் முடிந்திருந்தால் நிம்மதி. பந்தியில் சோறு, ஒரு கரண்டி சாம்பார், ஒரு பொரியல், பாயசம் இரண்டு வாய். ரசமும் மோரும் வேண்டாம், அப்பளமும் ஊறுகாயும் இலையோரம் கிடக்கட்டும், தாம்பூலப் பையிலுள்ள வாழைப்பழத்தைப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். பாஸ்பரஸ் மாத்திரை சட்டைப்பையில் இருக்கிறதா என்று இலைக்கு முன்னால் உட்காரும்போதே தொட்டுப் பாருங்கள்.